எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் பேட்ரி பாதி தூரத்துல செத்துப் போகுது, கடையில "தண்ணி பூந்துருச்சு, வாரண்டி இல்ல"ன்னுட்டாங்க. என்ன செய்யலாம்?

பாகான்_வாசி

வணக்கம் எல்லாருக்கும், கொஞ்சம் நீளமா இருக்கும், பொறுத்துக்கங்க. நான் மலேசியா, பினாங்கு பட்டர்வொர்த், வேலை தீவுப் பக்கம் ஜோர்ஜ்டவுன்ல. போன வருஷம் எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் ஒண்ணு எடுத்தேன், நின்னுக்கிட்டே ஓட்டுற அந்த சின்ன வண்டி இல்ல, ஜேபிஜே-ல (சாலைப் போக்குவரத்து இலாகா) பதிஞ்சு நம்பர் பிளேட் போட்ட வண்டி, 72 வோல்ட் 30 ஆம்ப்-அவர் லித்தியம் பேட்ரி. காலைல ஃபெரில வண்டியோட அந்தப் பக்கம் போயிட்டு சாயங்காலம் வந்துருவேன், சில நாள் ஆயர் ஈத்தாம்ல அம்மா வீட்டுக்கும் போவேன்.

புதுசுல ஒரு சார்ஜுக்கு 70 கிலோமீட்டர் தாராளமா வந்துச்சு. இப்ப 40 தாண்டுறதுக்குள்ளேயே, அதுவும் மீட்டர்ல இன்னும் 30 பர்சண்ட் காட்டிட்டு இருக்கும்போதே, படக்குன்னு ஆஃப் ஆயிருது. அன்னிக்கி லோரி பின்னாடி வர்ற ரோட்டுல நடுவுல நின்னுருச்சு, என் சம்சாரம் பின்னாடி உக்காந்திருந்தாங்க, அதுக்கப்புறம் அவங்க இந்த வண்டில ஏறவே மாட்டேங்குறாங்க.

வாரண்டி புக்ல பேட்ரிக்கு 3 வருஷம்னு தெளிவா போட்டிருக்கு. கடைக்குக் கொண்டு போனா பேட்ரிய கழட்டி பின்னாடி எடுத்துட்டுப் போனாங்க, கொஞ்ச நேரத்துல வந்து "தண்ணி பூந்துருச்சு பாஸ், இது கஸ்டமர் டேமேஜ், வாரண்டி கிளைம் பண்ண முடியாது, புது பேட்ரி 3,000 வெள்ளிக்குப் பக்கத்துல வரும்"ன்னு சொல்லிட்டாங்க. எழுத்துல ஒண்ணும் குடுக்கல. போட்டோ கேட்டேன், காட்டல. வண்டிய எடுத்துக்கிட்டு காச திருப்பிக் குடுங்கன்னா இன்வாய்ஸ் அடியில "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது"ன்னு மலாய்ல அச்சடிச்சிருக்கறத காட்டுறாங்க. வண்டி லோன்ல எடுத்தது, மாசாமாசம் கட்டிட்டுத்தான் இருக்கேன், நிறுத்திறலாமான்னு கூட தோணுது. யாருக்காவது அனுபவம் இருந்தா சொல்லுங்க.

செந்தூல்காரன்

ப்ரோ மொதல்ல லோன மட்டும் நிறுத்தாதீங்க. பேங்க்குக்கும் கடைக்கும் உள்ள கணக்கு வேற. நீங்க கட்டலன்னா வண்டிய இழுத்துட்டுப் போயிருவாங்க, பேரும் கெட்டுரும், அப்புறம் கேஸ் போட கையில வண்டியே இருக்காது. ரெண்டாவது, அந்தப் பேட்ரிய உங்க கண்ணு முன்னாடி திறந்தாங்களா? பின்னாடி எடுத்துட்டுப் போய் என்ன பார்த்தாங்க, சீல் உடைச்சாங்களா இல்லையா? அத கேளுங்க. வாய்ல சொன்னதுக்கெல்லாம் நாளைக்கு ஒரு மதிப்பும் இல்ல.

பிஎம்_டீச்சர்

தம்பி, நான் புக்கிட் மெர்தாஜம், ரிட்டையர்டு டீச்சர். எங்க தாமான்ல (குடியிருப்புல) ஆளுங்களுக்கு பயனீட்டாளர் டிரிபியூனல், அதாவது வாங்கின பொருள் வழக்க விசாரிக்கிற தீர்ப்பாயம், அதோட பாரம் நிரப்பிக் குடுக்கறத ரொம்ப வருஷமா செஞ்சிட்டு வரேன், ஃப்ரிட்ஜ், சோஃபா, செகண்ட் ஹேண்ட் காடி எல்லாம் பார்த்திருக்கேன், இப்ப எலெக்ட்ரிக் மோட்டர் சைக்கிள் கேஸும் வர ஆரம்பிச்சிருச்சு. அதனால தெரிஞ்சத சொல்றேன், பொறுமையா படிங்க.

எல்லாரும் வாரண்டி புக்கையே பிடிச்சிட்டு நிக்கறோம். அது கம்பெனி தானா குடுக்கற வாக்கு. அதுக்கு மேல 1999-ஆம் வருஷத்து பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம்னு ஒண்ணு இருக்கு. அதுல 32-ஆவது பிரிவு, விக்கிற பொருள் ஏத்துக்கக்கூடிய தரத்துல இருக்கணும்ங்குது. அந்த மாதிரி பொருள எதுக்கு சாதாரணமா வாங்குவாங்களோ அதுக்கு உதவணும், பாதுகாப்பா இருக்கணும், நீடிச்சு உழைக்கணும். அதை எடை போடும்போது விலையையும் பார்ப்பாங்க, பொருள் மேல என்ன எழுதியிருந்துச்சு, விளம்பரத்துல என்ன சொன்னாங்க, எல்லாத்தையும் பார்ப்பாங்க. வாரண்டி புக்ல எந்த மூலையில என்ன எழுதியிருந்தாலும் இந்த உரிமை போகாது, 6-ஆவது பிரிவு அதைத்தான் சொல்லுது, இந்தச் சட்டத்த ஒப்பந்தம் போட்டு தள்ளி வைக்க முடியாது. "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது"ங்கற வரி, பழுதான பொருளுக்கு செல்லாது. நீங்க மனசு மாறி, கலர் பிடிக்கலன்னு கொண்டு போனா அது வேற, அதுக்கு நம்ம நாட்டுல கடைல வாங்கினதுக்கு உரிமை கிடையாது.

இப்ப கேளுங்க, மலேசியால மழை வராத மாசம் ஒண்ணு சொல்லுங்க பார்ப்போம். மழையில ஓட்டினா பேட்ரிக்குள்ள தண்ணி போற மோட்டர இந்த ஊர்ல ரோட்டு வண்டின்னு விக்கலாமா? கடை சொல்றபடி தண்ணியே பூந்திருந்தாலும், அது எப்படி பூந்துச்சுங்கறதுதான் கேள்வி. நீங்க வெள்ளத்துல இறக்கினீங்களா, இல்ல மழையில சாதாரணமா ஓட்டினதுக்கே சீல் விட்டுருச்சா? ரெண்டாவதுன்னா அது வண்டியோட குறை, உங்க குறை இல்ல.

பரிகாரம் என்னன்னா, சரி பண்ணக்கூடிய பழுதுன்னா நியாயமான நேரத்துக்குள்ள கடை சரி பண்ணிக் குடுக்கணும். பண்ணலன்னா, இல்ல பழுது ரொம்ப பெருசுன்னா, திருப்பிக் குடுத்துட்டு பணமோ மாத்துப் பொருளோ கேக்கலாம். பெருசுன்னா என்ன அளவு? இப்படி ஆகும்னு முன்னமே தெரிஞ்சிருந்தா நியாயமான ஒரு ஆள் இத வாங்கியிருக்கவே மாட்டாருங்கற அளவு, இல்ல பொருள் ஆபத்தா இருக்கணும். நடு ரோட்டுல, 30 பர்சண்ட் காட்டிட்டே நின்னு போற வண்டி ஆபத்தான வண்டின்னு நான் அடிச்சுச் சொல்வேன். அதனால புகார் எழுதும்போது தூரம் குறைஞ்சுருச்சுன்னு மட்டும் எழுதாதீங்க, திடீர்னு நிக்குதுங்கறத மொதல் வரியா எழுதுங்க.

ஒண்ணு மட்டும் கவனம், திருப்பிக் குடுக்கற உரிமைய ரொம்ப நாள் தூங்க விட்டா போயிரும். இன்னிக்கே ஒரு கடிதம் எழுதி, ஈமெயில்லயும் வாட்சப்லயும் ரெண்டுலயும் அனுப்புங்க.

பெங்கேல்_தம்பி

அண்ணே, நான் கேஎல்-ல எலெக்ட்ரிக் மோட்டர் பெங்கேல்ல (ரிப்பேர் பட்டறைல) வேலை செய்றேன், பேட்ரிதான் என் பிரிவு. நீங்க சொல்ற அறிகுறிய வச்சுப் பார்த்தா எனக்கு தண்ணின்னு தோணல, செல் பேலன்ஸ் போயிருச்சுன்னுதான் தோணுது. பேட்ரிய பார்க்காம முடிவா சொல்ல முடியாது, ஆனா காரணத்த சொல்றேன்.

72 வோல்ட் பேட்ரின்னா, சாதாரண என்எம்சி வகை லித்தியம் பேட்ரில 20 செல் குரூப் வரிசையா இருக்கும், ஒவ்வொண்ணும் ஃபுல்லா 4.2 வோல்ட், மொத்தம் 84. இந்த 20-ல ஒரே ஒரு குரூப் பலவீனமா போனா போதும். ஓட்டும்போது மத்த 19-ம் 3.5-ல நல்லா இருக்கும், அந்த ஒண்ணு மட்டும் சரசரன்னு இறங்கி 3 வோல்ட்டுக்குக் கீழ போயிரும், உடனே பிஎம்எஸ் போர்டு, அதாவது பேட்ரிக்குள்ள செல்லுங்கள கண்காணிக்கிற போர்டு, பாதுகாப்புக்காக மொத்தத்தையும் வெட்டிரும். ஆனா மீட்டர் பார்க்கறது மொத்த வோல்ட்டதானே, அதனால அது 30 பர்சண்ட்னு காட்டிட்டே இருக்கும். மேடு ஏறும்போதும் ரெண்டு பேர் உக்காந்திருக்கும்போதும்தான் இது அதிகமா நடக்கும், ஏன்னா அப்பத்தான் கரண்ட் நிறைய இழுக்கும். ஆயர் ஈத்தாம் மேட்டுல முறுக்கிப் பாருங்க, அங்கதான் மொதல்ல விழும். இது பெரும்பாலும் ஃபேக்டரிலயே செல் சரியா மேட்ச் பண்ணாம கட்டுறதால வரும், இல்லன்னா அந்த குரூப்ல வெல்டிங் சரியில்லாம வரும். ஓட்டுறவர் கையில ஒண்ணும் இல்ல.

தண்ணி பூந்ததுன்னா வேற மாதிரி தெரியும். கனெக்டர்ல பச்சை பூத்திருக்கும், பிஎம்எஸ் போர்டுல வெள்ளையா உப்பு படிஞ்சிருக்கும், சில கம்பெனி உள்ள ஒட்டி வைக்கிற ஈரம் காட்டுற ஸ்டிக்கர் சிவப்பா மாறியிருக்கும். இதெல்லாம் போட்டோ எடுத்தா தெளிவா விழும். போட்டோ குடுக்க முடியலன்னா என்ன அர்த்தம்னு நீங்களே யோசிங்க.

வீட்டுலயே நீங்க ஒரு டெஸ்ட் பண்ணலாம். பிளக்ல சொருகற கரண்ட் மீட்டர் ஒண்ணு ஆன்லைன்ல கிடைக்கும், விலை கம்மிதான். வண்டிய கட் ஆகுற வரைக்கும் ஓட்டுங்க, வீட்டுப் பக்கத்துலயே சுத்துங்க, தனியா தூரம் போயிறாதீங்க. ஆறின பிறகு அந்த மீட்டர் வழியா ஃபுல் சார்ஜ் போட்டு எத்தனை யூனிட் ஏறுச்சுன்னு போட்டோ எடுங்க. உங்க பேட்ரி 72 பெருக்கல் 30, அதாவது 2.16 யூனிட். சார்ஜர்ல சூடா போற நஷ்டம் சேர்த்து சுவர்ல இருந்து 2.4, 2.5 யூனிட் இழுக்கணும். ரொம்பக் கம்மியா இழுத்துட்டு ஃபுல்னு காட்டினா பேட்ரி கொள்ளளவு போயிருச்சுன்னு நம்பரோட சொல்லலாம். வாரண்டி புக்ல எத்தனை பர்சண்ட் கொள்ளளவுக்குக் கீழ போனா மாத்துவோம்னு போட்டிருக்கான்னும் பாருங்க, 70-ன்னு போடுற கம்பெனி இருக்கு, 80-ன்னு போடுறதும் இருக்கு.

முக்கியமா, பேட்ரிய வெளிய யாருகிட்டயும் குடுத்து திறக்காதீங்க. என்கிட்ட கூட கொண்டு வராதீங்க. சீல் உடைஞ்சா அவங்களுக்கு அது ஒண்ணே போதும்.

பாகான்_வாசி

டீச்சர், தம்பி, ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. தம்பி சொன்ன மாதிரியே மேட்டுலதான் அதிகமா நிக்குது, நான் அத இவ்ளோ நாளா ரோடு கோளாறுன்னு நினைச்சேன். வெள்ளத்துலயெல்லாம் இறக்கினதே இல்ல, 2017 நவம்பர் வெள்ளத்துல பழைய மோட்டர் மூழ்கினதுல இருந்து தண்ணி தேங்கினா நான் வண்டிய எடுக்கறதே கிடையாது. வாரண்டி புக்ல 70 பர்சண்ட்னு இருக்கு. விளம்பரத்துல மழையில ஓட்டுற வீடியோவே போட்டிருந்தாங்க, அது இன்னும் அவங்க பேஜ்ல இருக்கு.

பெங்கேல்_தம்பி

அந்த வீடியோவ இன்னிக்கே ஸ்கிரீன் ரெக்கார்டு பண்ணி வச்சிருங்க அண்ணே, தேதியோட.

ஜாலான்_ஈப்போ_கடை

நான் கடை வச்சிருக்கறவன், மத்தவங்க கோவிச்சுக்கிட்டாலும் கடைக்காரன் பக்கத்தையும் சொல்லியாகணும். வாரண்டின்னு வர்ற வண்டியில நிறைய உண்மையிலேயே தண்ணி பட்டதுதான். ஹை பிரஷர் ஜெட்ட கிட்ட வச்சு சீட்டுக்கு அடியில அடிச்சுக் கழுவறாங்க, தண்ணி தாங்குற தரம் ஐபி எக்ஸ் 4-னு போட்டிருந்தா எல்லாப் பக்கத்துல இருந்தும் தெறிக்கிற தண்ணிய தாங்கும்னுதான் அர்த்தம், ஜெட் அடிக்கறத தாங்காது. ஐபி 67-னு போட்டிருந்தாத்தான் 1 மீட்டர் தண்ணியில அரை மணி நேரம் தாங்கும், அதுவும் பேட்ரி பெட்டிக்கு மட்டும், கண்ட்ரோலருக்கும் வயருக்கும் அது இல்ல. அப்புறம் ஸ்பீடு லிமிட்ட எடுத்து விடுறது, ஆன்லைன்ல வாங்கின வேற சார்ஜர மாட்டுறது, மாசக்கணக்கா சார்ஜ் போடாம சீரோல விட்டுட்டு ஊருக்குப் போயிட்டு வந்து பேட்ரி எழுந்திருக்கலன்னு சண்டைக்கு வர்றது, இதெல்லாம் நடக்குது.

நாங்க வாரண்டி கிளைம் போட்டா இம்போர்ட்டர் போட்டோ கேப்பான், ஓடோமீட்டர் கேப்பான், சர்வீஸ் புக் கேப்பான், சாமான் வர மாசமாகும், அதுவரைக்கும் கஸ்டமர் எங்க மூஞ்சியிலதான் கத்துவார். இம்போர்ட்டர் மாட்டேன்னுட்டா அந்தப் பேட்ரி காசு என் கையில இருந்து போகணும். ஒரு வண்டில எனக்கு நிக்கிற லாபம் ஒரு பேட்ரிக்குப் பத்தாது. இத சும்மா சொல்லல, உண்மையா சொல்றேன். ஆனா ஒண்ணு, இந்தக் கேஸ்ல போட்டோ காட்டாம, பேப்பர் குடுக்காம அனுப்பினது தப்புத்தான். என் கடைல அப்படிச் செய்ய மாட்டேன்.

பிஎம்_டீச்சர்

ஐயா, நீங்க வந்து எழுதினது நல்லது, உங்க கஷ்டம் புரியுது. ஆனா நீங்க இம்போர்ட்டர்கிட்ட பேசற பேச்சுல வாங்கினவங்கள நிக்க வைக்கக் கூடாது. அவங்க பணம் குடுத்தது உங்ககிட்ட. சட்டத்துல வித்தவர் மேலயும் உரிமை இருக்கு, தயாரிச்சவர் மேலயும் உரிமை இருக்கு, வெளிநாட்டுக் கம்பெனிக்கு இங்க ஆபிஸ் இல்லன்னா இறக்குமதி பண்றவரையே தயாரிப்பாளரா எடுத்துக்கறாங்க. அதனால பாகான் தம்பி கடிதம் எழுதும்போது கடை பேரையும் இம்போர்ட்டர் பேரையும் ரெண்டையும் போட்டு எழுதணும். கடைக்கும் அது உதவிதான், பாரம் ஒரே ஆள் தலையில விழாது. கம்பெனி நம்பர் எஸ்எஸ்எம் (கம்பெனிங்கள பதியற ஆணையம்) தளத்துல தேடி எடுத்துக்கலாம், கடை போர்டுல இருக்கற பேரும் பதிவுல இருக்கற பேரும் ஒண்ணா இருக்கணும்னு இல்ல, இன்வாய்ஸ்ல உள்ளதப் பாருங்க.

ஸ்பேர் பார்ட் பத்தியும் சொல்லிடறேன். சாமான் இல்ல, கம்பெனி மாடல நிறுத்திருச்சுன்னு சொல்றத அப்படியே ஏத்துக்க வேண்டாம். நியாயமான காலத்துக்கு சாமானும் ரிப்பேர் வசதியும் கிடைக்கப் பண்ணணும்னு 37-ஆவது பிரிவு இருக்கு. விக்கும்போதே கிடைக்காதுன்னு சொல்லியிருந்தா மட்டும்தான் அது மாறும்.

கெப்போங்_பொண்ணு

இதே இழையில கேக்கலாமா? நான் ஆன்லைன்ல நின்னு ஓட்டுற எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் வாங்கினேன், எல்ஆர்டி ஸ்டேஷனுக்குப் போக. வந்த கொஞ்ச நாள்லயே ஹேண்டில் மடிக்கிற இடம் ஆட ஆரம்பிச்சிருச்சு, பயமா இருக்கு. விக்கறவர் சரி திருப்பி அனுப்புங்கன்னுட்டார், ஆனா கூரியர்ல பேட்ரி உள்ள சாமான்னதும் எடுக்க மாட்டேங்குறாங்க. விக்கறவர் "அனுப்பினாத்தான் பணம்"னு உக்காந்திருக்கார். இதுல என் அண்ணன் வேற இந்த வண்டிய ரோட்டுல ஓட்டவே கூடாதுன்னு சொல்றான், உண்மையா?

செந்தூல்காரன்

தங்கச்சி, அண்ணன் சொல்றது உண்மை. மைக்ரோமொபிலிட்டி வண்டிங்கள ரோட்டுல ஓட்டத் தடை பண்ணி விதி போட்டாங்க, 2021 டிசம்பர் 17-ல இருந்து அமல்ல இருக்கு, அதுல இந்த நின்னு ஓட்டுற ஸ்கூட்டரும் சேரும். பூங்கா, தனியார் இடம் வேற கதை, ரோட்டுல இறக்காதீங்க. விக்கறவங்க பலர் இத சொல்றதே இல்ல, "வேலைக்குப் போக, ட்ராஃபிக்ல மாட்டாம"ன்னு படம் போட்டு விக்கறாங்க, எனக்கு அதுதான் வயித்தெரிச்சல், சின்னப் பசங்க லோரிக்குப் பக்கத்துல ஓட்டிட்டுப் போறத பார்த்திருக்கேன். உங்க விளம்பரத்துலயும் அப்படிப் போட்டிருந்தா ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைங்க, பொருளப் பத்தி தப்பான தகவல் குடுத்ததுன்னு அதுவும் ஒரு புகார்.

பிஎம்_டீச்சர்

கூரியர் எடுக்காததுக்கு காரணம், லித்தியம் பேட்ரி அபாயச் சரக்குல 9-ஆம் வகுப்பு. தனி லித்தியம் அயன் பேட்ரிய பயணிகள் விமானத்துல சரக்கா ஏத்தறத 2016 ஏப்ரல்ல இருந்தே நிறுத்திட்டாங்க. லோரில போறதுக்கும் முறையான பேக்கிங் கேப்பாங்க. அதுக்காக பேட்ரின்னு சொல்லாம மறைச்சு அனுப்பிறாதீங்கம்மா, வழியில தீப்பிடிச்சா யாரோட உசுருக்கோ ஆபத்து.

சட்டத்துல உங்களுக்கு சாதகமான இடம் ஒண்ணு இருக்கு. பழுதான பொருள திருப்பிக் குடுக்கறது சாதாரணமா வாங்கினவர் வேலைதான், ஆனா பழுதோட தன்மையாலயோ பொருளோட அளவாலயோ பெரிய செலவில்லாம திருப்பிக் குடுக்க முடியலன்னா, வித்தவர் தன் செலவுல வந்து எடுத்துக்கணும். அத எழுதி அனுப்புங்க: "பொருளை நிராகரிக்கிறேன், காரணம் இது, பொருள் என் வீட்டில் தயாராக இருக்கிறது, உங்கள் செலவில் எடுத்துச் செல்லுங்கள்." ஆன்லைன் தளத்துல பணம் இன்னும் அவங்க கையில இருந்தா "பொருள் கிடைத்தது"ங்கற பட்டன அழுத்தவே அழுத்தாதீங்க, தகராறு பட்டன அழுத்தி இந்த கூரியர் மறுத்த செய்தியையும் ஏத்துங்க. விக்கறவரோட பேரு, பதிவு எண், முகவரி தளத்துல இருக்கணும், மின்வணிக விதிமுறை அத கட்டாயமாக்கியிருக்கு. இல்லன்னா தளத்துக்கிட்டயே கேளுங்க.

ஹேண்டில் ஆடுற வண்டில ஏறாதீங்க. அது வரைக்கும் ஒரு மூலைல, பாதி சார்ஜ்ல, வெயில் படாம வைங்க.

ஓர்டர்_ஓட்டி_கேஎல்

நான் சாப்பாடு டெலிவரி ஓட்டுறேன், எலெக்ட்ரிக் மோட்டர்தான். எனக்கும் பேட்ரி பிரச்சனை, ஆனா கம்பெனி "கமர்ஷியல் யூஸ்"னு சொல்லி ஒரே வார்த்தைல முடிச்சிட்டான். வாங்கும்போது பெட்டியோட நிக்கிற என் பழைய மோட்டர பார்த்துட்டுத்தான் வித்தான், "ரைடர்ஸ் எல்லாம் இதத்தான் எடுக்கறாங்க"ன்னும் சொன்னான். டீச்சரம்மா, எங்கள மாதிரி ஆளுங்களுக்கு அந்தச் சட்டம் இல்லையா?

பிஎம்_டீச்சர்

தம்பி, உங்களுக்கு இது கஷ்டமான இடம், பொய்யா தைரியம் சொல்ல மாட்டேன். இந்தச் சட்டம் சொந்த உபயோகம், வீட்டு உபயோகத்துக்கான பொருள மனசுல வச்சு எழுதினது. டிரிபியூனல்ல எதிர்த்தரப்பு அதையேதான் பிடிச்சுக்குவாங்க. ஆனா வண்டி சாதாரணமா எல்லாரும் வாங்குற மாடல், நீங்க அத வாங்கி விக்கல, குடும்பத்துக்கும் அதே வண்டிதான்னா அத சொல்லி வாதாட இடம் இருக்கு. வித்தவர் "ரைடர்ஸ் எடுக்கற வண்டி"ன்னு சொன்ன வாட்சப் மெசேஜ் ஏதாவது இருக்கா தேடுங்க, அது பெரிய சாட்சி. மொதல்ல பினாங்கு பயனீட்டாளர் சங்கத்துக்கோ, பெட்டாலிங் ஜெயாவுல உள்ள தேசிய பயனீட்டாளர் புகார் மையத்துக்கோ எழுதுங்க. பினாங்கு சங்கம் ஜாலான் மஸ்ஜித் நெகிரில இருக்கு, அங்க தமிழ்லயே பேசலாம். உழைச்சுச் சாப்பிடற ஆளுங்களத்தான் இந்த "கமர்ஷியல்" வார்த்தை அடிக்குது, இத மாத்தணும்னு நான் எங்க கூட்டத்துல எல்லாம் பேசிட்டு வரேன்.

கெப்போங்_பொண்ணு

நன்றி டீச்சர். நீங்க எழுதின மாதிரியே அனுப்பினேன், தளத்துல தகராறும் திறந்துட்டேன். இப்ப விக்கறவர் அவரே லோரி அனுப்பி எடுத்துக்கறதா பதில் போட்டிருக்கார்.

பாகான்_வாசி

அப்டேட். சுவர் மீட்டர் வாங்கி டெஸ்ட் பண்ணினேன். கட் ஆகுற வரைக்கும் ஓட்டி, ஆறவச்சு, ஃபுல் சார்ஜ் போட்டா 1.4 யூனிட்லயே பச்சை லைட் வந்துருச்சு. மறுபடி பண்ணினப்பவும் கிட்டத்தட்ட அதேதான். போட்டோ, வீடியோ எல்லாம் எடுத்து, திடீர்னு நிக்கிறத மொதல் வரியா போட்டு, கடைக்கும் இம்போர்ட்டருக்கும் ஈமெயில் அனுப்பினேன். தண்ணி பூந்ததுக்கான போட்டோவும் எழுத்துல ரிப்போர்ட்டும் குடுங்க, பேட்ரிய திறந்தா என் முன்னாடி திறங்கன்னும் கேட்டேன். கடையில பதிலே இல்ல. இம்போர்ட்டர் ஆபிஸ்ல இருந்து ஒரு பொண்ணு போன் பண்ணி "குட்வில்ல பேட்ரி விலைல 30 பர்சண்ட் கழிவு தரோம்"ன்னாங்க. ஒத்துக்கலாமா? சம்சாரம் சனியன் விட்டுச்சுன்னு வாங்கிட்டு வந்துருங்கங்குறாங்க.

பெங்கேல்_தம்பி

1.4-ல சார்ஜர் நஷ்டத்த கழிச்சா உள்ள போனது 1.2 யூனிட்டு சொச்சம். 2.16-க்கு அது 60 பர்சண்ட் கூட இல்ல. புக்ல 70-னு இருக்குன்னா இது நேரடியா வாரண்டிக்குள்ளயே வருது அண்ணே, சட்டம் வரைக்கும் போகவே வேண்டாம். கழிவெல்லாம் எதுக்கு? அவங்ககிட்ட பிஎம்எஸ் டேட்டா கேளுங்க, லேப்டாப்ல மாட்டினா 20 குரூப் வோல்ட்டும் தனித்தனியா வரும், சீல் உடைக்கவே தேவையில்ல. அதுல ஒரு குரூப் மட்டும் கீழ கிடந்தா தண்ணி கதை அங்கயே முடிஞ்சுரும்.

பிஎம்_டீச்சர்

கழிவுக்கு ஒத்துக்கிட்டு கையெழுத்துப் போட்டா அதோட விஷயம் தீர்ந்துச்சுன்னு எழுதி வாங்கிக்குவாங்க, அதனால அவசரப்படாதீங்க. தம்பி சொன்ன டேட்டாவ கேட்டு, பதிலுக்கு ஒரு தேதி போட்டு எழுதுங்க, அதுக்குள்ள வரலன்னா டிரிபியூனல் போவேன்னு அதுலயே சொல்லுங்க. மிரட்டலா வேண்டாம், சாதாரணமா சொல்லுங்க.

டிரிபியூனலப் பத்தி பயம் வேண்டாம். பதிவுக் கட்டணம் 5 வெள்ளி. 50,000 வெள்ளி வரைக்கும் கேக்கலாம், முன்ன 25,000-ஆ இருந்தத 2019-ல ஏத்தினாங்க. பாரம் 1, ஆன்லைன்லயே போடலாம், மலாய்ல எழுதணும், நான் பார்த்துக் குடுக்கறேன். பிரச்சனை வந்ததுல இருந்து 3 வருஷத்துக்குள்ள போடணும். லோயர் ரெண்டு பக்கமும் வரக்கூடாது, கம்பெனின்னா அவங்க சம்பள ஆள் யாராவது வரணும். வக்கீல் இல்லாததால நம்ம ஆளுங்க தன் கதைய தானே சொல்லலாம், எனக்கு அதுல பிடிச்சதே அதுதான். எங்க தாமான் பாட்டி ஒருத்தங்க பேரன் மலாய்ல மொழிபெயர்த்து சொல்லச் சொல்ல தன் ஃப்ரிட்ஜ் கேஸ முழுசா சொல்லி முடிச்சாங்க. தீர்ப்பு வந்தா 14 நாளைக்குள்ள கட்டணும், கட்டலன்னா அது கிரிமினல் குற்றம், அங்கதான் கம்பெனிங்க கேக்கும்.

உள்நாட்டு வாணிப அமைச்சுக்கு, அதாவது கேபிடிஎன்-க்கு, புகார் போடறது வேற, டிரிபியூனல் வேற. புகார் போட்டா அதிகாரிங்க விசாரிப்பாங்க, உங்க பணத்த வாங்கித் தரச் சொல்லி உத்தரவு போடறது டிரிபியூனல்தான். ரெண்டையும் போடலாம்.

கொண்டு போகவேண்டியது: இன்வாய்ஸ், வாரண்டி புக், சர்வீஸ் ரெக்கார்டு, விளம்பர வீடியோ, சுவர் மீட்டர் போட்டோ, எல்லா வாட்சப்பும் பிரிண்ட் எடுத்து தேதி வரிசைல. போன்ல காட்டறேன்னு போகாதீங்க, மூணு செட் பிரிண்ட் வேணும்.

ஜாலான்_ஈப்போ_கடை

டீச்சர் சொன்ன மாதிரி ரெண்டு பேர் பேரும் போட்ட லெட்டர் இம்போர்ட்டர் மேசைக்குப் போனா வேகமா நகரும், என் அனுபவத்துல சொல்றேன். பாகான் ப்ரோ, அதுல வண்டி சேசிஸ் நம்பரும் பேட்ரி சீரியல் நம்பரும் போட மறக்காதீங்க, அது இல்லாத மெயில அவங்க ஒதுக்கி வச்சிருவாங்க.

பாகான்_வாசி

எல்லாருக்கும் நன்றி, இன்னிக்குப் போயிட்டு வந்தேன். லெட்டர் போன பிறகு இம்போர்ட்டரே அவங்க டெக்னீஷியன கடைக்கு அனுப்பினாங்க. என் முன்னாடியே லேப்டாப் மாட்டினார், தம்பி சொன்னது அப்படியே வந்துச்சு, ஒரே ஒரு குரூப் மட்டும் கீழ கிடக்குது. கனெக்டர் எல்லாம் பளிச்சுனு இருக்கு, தண்ணி அறிகுறி ஒண்ணும் இல்லன்னு அவரே சொன்னார், அத எழுதி கையெழுத்தும் வாங்கிட்டேன். புது பேட்ரி வாரண்டிலயே மாத்தித் தர்றாங்க, காசு இல்ல. கடைக்காரர் முகத்த பார்த்து பேசல, அது பரவால்ல.

இன்னொரு கேள்வி மட்டும். புது பேட்ரிக்கு வாரண்டி பழைய 3 வருஷத்துல மிச்சம் உள்ளதுதான்னு சொல்றாங்க. அது சரியா?

பிஎம்_டீச்சர்

ரொம்ப சந்தோஷம் தம்பி. அவங்க புக்குல மிச்ச காலம்னு போட்டிருந்தா கம்பெனி வாரண்டி அப்படித்தான் ஓடும். ஆனா சட்டப்படி பொருள மாத்திக் குடுத்தா, மாத்தின பொருளுக்கும் அந்தத் தரம், நீடிச்சு உழைக்கணும்ங்கற உத்தரவாதம் எல்லாம் புதுசா வித்த மாதிரியே பொருந்தும். புக் காலம் முடிஞ்ச மறு வாரம் இதே மாதிரி செத்துச்சுன்னா, அப்பவும் நீங்க கேக்கலாம்.

பெங்கேல்_தம்பி

அண்ணே, புது பேட்ரியோட சீரியல் நம்பர வேலைச் சீட்டுல எழுதி கடை சாப் அடிச்சு வாங்குங்க, வாரண்டி புக்லயும் மாத்தச் சொல்லுங்க, பழைய நம்பரே இருந்தா அடுத்த தடவ "இது எங்க பேட்ரி இல்ல"ன்னுருவாங்க. மாட்டின அன்னிக்கே சுவர் மீட்டர்ல ஒரு ஃபுல் டெஸ்ட் எடுத்து போட்டோவ வச்சுக்கங்க. மொதல் தடவ ஆயர் ஈத்தாம் மேடு ஏறும்போது தனியா போய்ப் பாருங்க, நல்லா இழுத்துச்சுன்னா அப்புறம் அக்காவ ஏத்திக்கங்க.